கண்திட்டம் கைகொடுக்காது

வீட்டில் சோப்பு காய்ச்சக் கிளம்பியிருக்கும் வாசகர்கள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே கேள்விகளை அனுப்பிவிட்டார்கள். நல்ல பழக்கம். இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

● 'ஹாட் பிராசஸ்' சோப்பு என்கிறார்களே, அப்படி என்றால் என்ன சார்? (வாசகி, நாகர்கோவில்)

எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் பிறக்கும். கலந்ததை அச்சில் ஊற்றி 4 முதல் 6 வாரம் ஆறவிட்டால் 'கோல்டு பிராசஸ்'. அடுப்பில் வைத்துக் கிண்டி அன்றைக்கே வினையை முடித்துவிட்டால் 'ஹாட் பிராசஸ்'. அவசரக்காரர்களின் கட்சி. என் ஓட்டும் அதற்கே.

● காஸ்டிக் சோடா இல்லாமல் இயற்கையாகச் செய்ய முடியாதா? (வாசகர், ஈரோடு)

முடியாது. கடையில் 'சோப் பேஸ்' வாங்கி உருக்கி ஊற்றுகிறவர்கள் காஸ்டிக்கைத் தொடுவதில்லை. அவர்களுக்காக வேறொருவர் முன்பே தொட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

● அந்தக் காஸ்டிக் உடம்பில் பட்டால் தோல் என்ன ஆகும்? பயமாக இருக்கிறது. (வாசகி, தேனி)

கணக்கு சரியாக இருந்தால் முடிந்த சோப்பில் காஸ்டிக் மிஞ்சவே மிஞ்சாது. அத்தனையும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிடும். அதை உறுதி செய்யத்தான் தேவைக்கு மேல் 5% எண்ணெய் வைப்பது, 'சூப்பர்ஃபேட்' என்பார்கள். மிஞ்சுவது எண்ணெயானால் தோல் வாழ்த்தும். காஸ்டிக்கானால் தோல் உரியும். பயம் போக வேண்டாம், அது உங்களைக் கையுறை போட வைக்கும்.

● அளவு சொல்லுங்கள் ஐயா. டம்ளர் கணக்கில் சொன்னால் வசதி. (வாசகி, தஞ்சாவூர்)

டம்ளரைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. இங்கே பேச்சு கிராமில் மட்டும்.

தேங்காய் எண்ணெய் 250 கிராம், கடலை எண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் சோடா 75 கிராம், தண்ணீர் 190 கிராம். முதல் முயற்சிக்கு இது போதும்.

75 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. ஒரு கிராமைச் சோப்பாக்கத் தேங்காய் எண்ணெய் கேட்பது 0.183 கிராம் காஸ்டிக், கடலை 0.136, விளக்கெண்ணெய் 0.128. பெருக்கிக் கூட்டினால் 79 சொச்சம். அதில் 5% கழித்தால் 75. எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். 'கடலைக்குப் பதில் நல்லெண்ணெய் போட்டேன், மற்றதெல்லாம் அப்படியே' என்று கடிதம் போடாதீர்கள்.

● 500 மில்லி எண்ணெய் என்றால் 500 கிராம்தானே? (வாசகர், விருதுநகர்)

இல்லை. அரை லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை ஏறக்குறைய 460 கிராம். குறைகிற அந்த 40 கிராம், நீங்கள் காப்பாக வைத்த 5%-ஐயும் விழுங்கிவிட்டுக் காஸ்டிக்கை மிச்சம் வைக்கும். சாம்பாரில் கண்திட்டம் கலை. சோப்பில் அது காயம். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வாங்கிய பிறகு காஸ்டிக் வாங்குங்கள்.

● காஸ்டிக்கில் தண்ணீர் ஊற்றுவதா, தண்ணீரில் காஸ்டிக் போடுவதா? (வாசகி, கோயம்புத்தூர்)

இந்தப் பக்கத்தின் தங்கக் கேள்வி இதுதான். தண்ணீரில் காஸ்டிக். எப்போதும், எந்த அவசரத்திலும் தண்ணீரில் காஸ்டிக். மாற்றிச் செய்தால் மேலே விழும் கொஞ்சத் தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். தெறிப்பது கண்ணைத் தேடும்.

சரியாகச் செய்தாலும் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அடுப்பே இல்லாமல் ஆவி பறக்கும், தொண்டை கமறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை மூன்றும் வேண்டும்.

இன்னொன்று. முதலில் பால் போலக் கலங்கும் கரைசல், சற்று நேரத்தில் தெளிந்து பச்சைத் தண்ணீர் போல நிற்கும். அதைச் செம்பிலோ குடிநீர் பாட்டிலிலோ ஒருநாளும் வைக்காதீர்கள். தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. பாத்திரத்தின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கலந்த கையோடு எண்ணெயில் சேர்த்துவிடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

● கையில் தெறித்துவிட்டால் எலுமிச்சையோ வினிகரோ தடவலாமா? (வாசகர், திருச்சி)

வேண்டாம். காரத்தோடு அமிலம் சேர்ந்தால் புதிதாக வெப்பம் கிளம்பும். ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவுவதை நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். இதற்கு நகைச்சுவைப் பதில் கிடையாது.

● பழைய அலுமினியச் சட்டி சும்மா கிடக்கிறதே? (வாசகி, சேலம்)

சும்மாவே கிடக்கட்டும். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும். தின்றுவிட்டு ஹைட்ரஜன் வாயுவை விடும். பக்கத்தில் எரிவது உங்கள் கேஸ் அடுப்பு. எவர்சில்வரே கதி.

● எப்படிக் காய்ச்சுவது? பதம் எப்படித் தெரியும்? (வாசகி, காரைக்குடி)

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டும், அதற்குள் சிறிய எவர்சில்வர் பாத்திரத்தில் எண்ணெய். கரைசலை மெதுவாக ஊற்றிக் கை பிளெண்டரால் அடியுங்கள். கரண்டியில் எடுத்து வடித்தால் மேலே கோடு விழுந்து நிற்கிற பதம்தான் 'டிரேஸ்'. பிறகு மூடிபோட்டுச் சிறு தீ.

அடுத்து நடப்பதைப் பார்த்து மிரளாதீர்கள். ஓரங்கள் உப்பும். நடுவில் திரிந்தது போலப் பிரியும். 'கெட்டுவிட்டது' என்று முதல்முறைக்காரர்கள் கீழே கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாமல் கிண்டுங்கள். மசித்த உருளைக்கிழங்காகும். இன்னும் போனால் வெண்மை வடிந்து வாஸ்லின் போலப் பளபளக்கும், கரண்டியோடு திரண்டு வரும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பின் ஆகும். கடிகாரத்தை விடக் கண்ணை நம்புங்கள். கண்ணுக்கு மரியாதை பதத்தில் மட்டும், அளவில் இல்லை!

பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். திடீரென்று பொங்கி எழும். சீரியல் பார்க்கப் போய்விட்டால் அடுப்பே சோப்பு போட்டுக் குளித்திருக்கும்.

● குக்கரில் 3 விசில் விடலாமா? (வாசகர், மதுரை)

கூடாது. அடைபட்ட காஸ்டிக்கோடு விளையாட்டு வேண்டாம்.

● வெந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி? (வாசகர், புதுச்சேரி)

நாக்கு. துளி சோப்பை எடுத்து ஆறவிட்டு, ஈர விரலில் தேய்த்து, விரலை நாக்கு நுனியில் லேசாகத் தொடுங்கள். சுரீரென்று ஷாக் அடித்தால் காஸ்டிக் பாக்கி, இன்னும் காய்ச்சுங்கள். சப்பென்று சோப்புச் சுவை வந்தால் முடிந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வெற்றியைக் கொண்டாடுங்கள்.

● அன்றே குளிக்கலாமா? (வாசகி, தூத்துக்குடி)

குளிக்கலாம். ஆனால் உள்ளே தண்ணீர் நிறைய இருக்கும், கட்டி சீக்கிரம் கரைந்துபோகும். காற்றாட 2 முதல் 4 வாரம் அடுக்கி வைத்தால் இறுகும். காஸ்டிக் அவசரத்துக்கு இணங்கியது, தண்ணீர் இணங்காது.

● எங்கள் தோப்புத் தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால்? (வாசகர், பொள்ளாச்சி)

கல்லாக இறுகும், உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கடலில் குளிக்க மாலுமிகளுக்குத் தேங்காய் எண்ணெய் சோப்பு போனது அதனால்தான். போர்வெல் தண்ணீர்க்காரர்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தோலை வறட்டும். சூப்பர்ஃபேட்டை 20% ஆக்கிக் கணக்குப் போடுங்கள்.

● பஜ்ஜி சுட்ட எண்ணெய்? (வாசகி, கும்பகோணம்)

வடிகட்டித் துணி சோப்பாக்குங்கள். முகத்துக்குப் போட்டால் பின்னாலேயே சட்னி கேட்டு வருவார்கள்.

● கஸ்தூரி மஞ்சள் சேர்த்தேன். சோப்பு சிவந்துவிட்டதே! (வாசகி, திண்டுக்கல்)

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் என்ன நிறம்? அதே காரம், அதே வேலை. நாள்பட நிறம் தணிந்து மஞ்சள் பக்கம் திரும்பும்.

● மதுரை மல்லியை அப்படியே போட்டால் மணக்குமா? (வாசகி, திருமங்கலம்)

மணம் வராது, பூ பழுப்பேறிக் கருகும். சோப்பைக் காய்ச்சி முடித்து, சூடு சற்றுத் தணிந்த பிறகு நறுமண எண்ணெயை ஊற்றுங்கள். 500 கிராம் எண்ணெய்க்கு 15 கிராம் உச்சவரம்பு. காஸ்டிக்கின் ஆட்டம் அடங்கிய பிறகு வாசனையை இறக்குவது ஹாட் பிராசஸின் பெரிய லாபம்.

● என் சோப்பு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. (வாசகர், ஓசூர்)

ஹாட் பிராசஸின் சாமுத்திரிகா லட்சணம் அது. சூடு ஆறுவதற்குள் அச்சில் அழுத்தி நிரப்பித் தரையில் தட்டுங்கள். வழவழப்பு வேண்டுமானால் கோல்டு பிராசஸுக்குக் கட்சி மாறுங்கள்.

● சோப்பைக் கண்டுபிடித்தவர் யார்? (வாசகர், வேலூர்)

ஒருவரைச் சொல்ல முடியாது. ஆலிவ் எண்ணெயைக் கொப்பரையில் காய்ச்சும் அலெப்போ, நாப்லஸ் நகரங்களின் கலை இன்றும் உயிரோடிருக்கிறது. 2024-இல் இரண்டையும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுமே ஹாட் பிராசஸ்தான், தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கியவர் செவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர். கொழுப்புகளைப் பற்றிய அவர் நூல் 1823-இல் வந்தது. அவர் வாழ்ந்தது 102 ஆண்டுகள்!

● சீயக்காயும் சோப்புதானே? (வாசகி, தர்மபுரி)

இல்லை. அதில் இருப்பது சப்போனின். அதுவும் நுரைக்கும், அழுக்கும் எடுக்கும். ஆனால் எண்ணெயும் காரமும் கூடாத இடத்தில் சோப்பு இல்லை.

● வீட்டு சோப்பின் பிஎச் 5.5 இருக்குமா? (வாசகர், சென்னை)

இருக்காது. உண்மையான சோப்பு 9, 10 என்றுதான் நிற்கும். 5.5 என்று விளம்பரம் வருகிற கட்டி வேறு சாதி ரசாயனம். சோப்பின் வடிவத்தில் வந்திருக்கிறது.

● கடை சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று போடுகிறார்களே? (வாசகர், கரூர்)

மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர அளவீட்டில் முதல் ரகக் குளியல் சோப்புக்குக் குறைந்தது 76%, இரண்டாம் ரகத்துக்கு 70, மூன்றாவதுக்கு 60. 'பாத்திங் பார்' என்று அச்சிட்டிருந்தால் 40 போதும். அடுத்த முறை உறையைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கம் நடிகை, பின்பக்கம் உண்மை.

● நான் காய்ச்சிய சோப்பு முகத்தைச் சிவப்பாக்குமா? (வாசகி, அரியலூர்)

எந்தச் சோப்பும் ஆக்காது. அழுக்கு போகும், நிறம் போகாது. போக வேண்டியதும் இல்லை.

● தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். விற்கலாமா? (வாசகி, நாமக்கல்)

வீட்டுக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், உறவுக்குக் கொடுக்கலாம். விற்பனைக்கென்று வந்தால் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்திலும் 2020 விதிகளிலும் அடங்குகிறது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். வாங்கிவிட்டு எழுதுங்கள் அம்மா, முதல் கட்டியை நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.