கிளியர் பண்ணிக் கொடுக்கும் அண்ணன்

காலை ஒன்பது மணிக்கு மேல் கறம்பக்குடி சீனிக்கடை முக்கத்துப் பக்கம் போனால், ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் அவர் இருப்பார். வெள்ளைச் சட்டை, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பாக்கெட், அதில் இரண்டு பேனா. ஒன்று நீலம், இன்னொன்று பச்சை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி எதுவும் அவருக்குக் கிடையாது. "ஆபீசர் பேனா இல்லேன்னு சொல்லிட்டா நம்ம வேலை நின்னுடக் கூடாதுல்ல" என்பார்.

மடியில் ஒரு மஞ்சப்பை. ஊரின் பாதி அதற்குள் இருக்கிறது: மூலப் பத்திர நகல், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, புலப்படம், யாருடையது என்று அவருக்கே மறந்துபோன பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்.

புரோக்கர் என்று சொன்னால் அண்ணன் முகம் சுண்டிவிடும். வக்கீல் இல்லை, பத்திர எழுத்தரும் இல்லை. கட்சியில் இருக்கிறார், எந்தக் கட்சி என்பது எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. தொழில் என்ன என்று கேட்டால் விவசாயம் என்பார். உண்மையில் அவர் தொழில், சிக்கிக்கொண்டவர்களைக் கிளியர் பண்ணிக் கொடுப்பது.

சிக்கிக்கொள்வதற்கான வார்த்தை எல்லாம் நம்மிடம் இருக்கிறது. வில்லங்கம், அடமானம், ஒத்தி, பாக்கி, ஜப்தி, வாய்தா. படிக்கும்போதே வயிறு கலங்கும். வெளியே வருவதற்கான வார்த்தை எல்லாம் அண்ணனிடம் இங்கிலீஷில் இருக்கிறது. வில்லங்கச் சான்றைக் கையில் பிடித்து நடுங்கிக்கொண்டு வருகிறவரிடம், "இது சின்ன மேட்டர், கிளியர் பண்ணிடலாம்" என்று அவர் சொல்லும்போது பாதி நோய் அங்கேயே இறங்கிவிடும். மீதிப் பாதிக்குத்தான் செலவு.

அதற்கும் ஒரு விலைப்பட்டியல் உண்டு. எழுதி மாட்டவில்லையே தவிர, ஊருக்கே மனப்பாடம். "பாத்துக்கலாம்" என்றால் ஒரு டீ. "கிளியர் பண்ணிடலாம்" என்றால் டீயோடு வண்டிக்குப் பெட்ரோல். "செட்டில் பண்ணிடலாம்" என்றால் மதியம் பிரியாணி. "ரிலீஸ்" என்று வந்துவிட்டால் கவர். இவற்றுக்கெல்லாம் மேலே "குளோஸ்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை அண்ணன் வாயால் கேட்டவர் யாரும் இல்லை. வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் நாளைக் காலை டீ யார் வாங்கித் தருவது?

ஒருமுறை புதுக்கோட்டை கோர்ட் வாசலில் வக்கீல்கள் பேசிக்கொண்டதில் ஒரு புது வார்த்தையைப் பிடித்து வந்தார். மறுநாள் நிலத்தகராறோடு வந்த ஒரு அப்பத்தாவிடம் அதை இறக்கினார்: "கவலைப்படாதீங்க ஆத்தா, உங்களை அப்படியே எக்ஸ்ட்ரிகேட் பண்ணிடுறேன்." அப்பத்தா பதறிப்போய், "வேணாம் தம்பி, எங்க வீட்டுக்குத்தான் கரண்டு ஏற்கெனவே இருக்கே" என்றது. அன்றோடு அந்த வார்த்தை மஞ்சப்பையின் அடிக்குப் போய்விட்டது.

அண்ணனுக்கு இவ்வளவு வேலை எங்கிருந்து வருகிறது? 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊரில் அதற்கு யு.டி.ஆர். என்று பெயர். ஏக்கர் ஹெக்டேர் ஆனது, பழைய கணக்கெல்லாம் புதுப் பதிவேட்டுக்கு மாறியது. மாறிய வேகத்தில் சில இடங்களில் மகன் அப்பனானான், அப்பன் மகனானான், கிழக்குக் கொல்லை மேற்கே போனது. அரசாங்கம் அதை மேம்பாடு என்றது. அண்ணனைக் கேட்டால் குலதெய்வம் என்பார்.

அதற்கும் முந்திய பத்திரம் வந்தால் அவருக்குத் தனிப் பரவசம். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் எழுதி, சமஸ்தான முத்திரை குத்திய காகிதம் ஒன்றை யாராவது நீட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "தொண்டைமான் காலத்துச் சிக்கல், மாப்ள. இப்ப எங்க இந்த மாதிரி போடுறானுங்க!"

வேலையில் அவருக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. ஒரு குடும்பத்தில், மலேசியாவில் இருக்கும் அக்கா தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டது. விடுதலைப் பத்திரம் போட வேண்டும், அக்காவால் வர முடியாது. கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தாகி பவர் பத்திரம் தபாலில் வந்து சேர்ந்தது. வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பத்திரம் அண்ணன் பைக்குள் போனது, போனதுதான். தம்பிக்காரன் தினமும் வந்து, தினமும் டீ வாங்கிக் கொடுத்து, கடைசி வாரத்தில் அழாத குறை. கடைசி நாள் மதியம் அண்ணன் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார், கட்டினார், திரும்பினார். "முதல் நாளே முடிச்சுக் கொடுத்தா ஒனக்கு இதோட அருமை தெரியுமா?" என்று கேட்டார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

இப்படிப்பட்டவரைக் கஜா புயல் எப்படிப் பார்த்தது என்றும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியும்போது தென்னை, பலா, தைலமரம் எல்லாம் ரோட்டில் குறுக்கே கிடந்தன. ஊர்ப் பையன்கள் அரிவாளும் கயிறும் மரம் அறுக்கும் மெஷினுமாக இறங்கினார்கள். அண்ணன் நடுவில் நின்று "அங்க வெட்டு, இங்க இழு" என்று கை காட்டினார். மரம் நகர்ந்ததும் போனைக் காதில் வைத்து, "ரோடு கிளியர் சார்!" என்று முழங்கினார். டவர் விழுந்து எந்தப் போனும் வேலை செய்யாத நேரம் அது. அந்த சார் யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் நிவாரணம் அறிவித்த பிறகு ஊர் வேறொரு அண்ணனைப் பார்த்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். தோப்பு தாத்தா பெயரில், பட்டா பங்காளிகளோடு கூட்டாக, மரம் மட்டும் தரையில். யார் பெயரில் எழுதுவது என்று விழித்தவர்களுக்கெல்லாம் கரண்டு இல்லாத இரவுகளில் மெழுகுவத்தி வைத்து மனு எழுதிக் கொடுத்தார். அந்த நாட்களில் டீகூட அவர் கணக்குத்தான். அவரைத் திட்டுகிறவர்களும் இதைச் சொல்லிவிட்டுத்தான் திட்டுவார்கள்.

செல்போன்தான் அவர் பிழைப்பில் மண்ணைப் போடும் என்று ஊர் எதிர்பார்த்தது. பட்டா, சிட்டா, வில்லங்க விவரம் எல்லாம் வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம் என்றானபோது அண்ணனே கொஞ்சம் ஆடிப்போனார். "நெட்டுல இருக்கறது வேற, ஆபீஸ்ல இருக்கறது வேற" என்று சொல்லிப் பார்த்தார். நடந்தது என்னவோ தலைகீழ். முன்பெல்லாம் நிலத்தை விற்கப் போகும்போதுதான் பட்டாவில் பக்கத்துக் கொல்லைக்காரர் பெயர் இருப்பது தெரியவரும். இப்போது ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சும்மா தட்டிப் பார்த்தவருக்கு அப்போதே தெரிந்து, தூக்கம் போய், விடிந்ததும் சீனிக்கடை முக்கத்தில் நிற்கிறார். சிக்கலைக் காட்டும் போனுக்கு அவிழ்க்கத் தெரியாதே. அதற்கு மனு, விசாரணை, அளவை என்று அதே பழைய பாதைதான். இப்போது அண்ணனே வருகிறவர் போகிறவரிடம், "எல்லாரும் செல்லுல பாருங்கப்பா, விழிப்புணர்வு வேணும்ல" என்று பிரசாரம் செய்கிறார்.

சமீபத்தில் ஒரு வீட்டில், கல்லூரியில் படிக்கும் பெண் தானே மனு எழுதி, அப்பாவை அழைத்துக்கொண்டு நேரே போய்க் கொடுத்து, விசாரணைக்கும் போய், பட்டாவில் பெயரைத் திருத்தி வாங்கிவிட்டது. அண்ணன் அந்தக் காகிதத்தைப் பார்த்ததே டீக்கடையில்தான். வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்:

"குளோஸ்! நாம கை வச்சா எது நிக்கும்?"

அப்பா சிரித்துக்கொண்டே டீக்கும் கொடுத்தார், பெட்ரோலுக்கும் கொடுத்தார். வீடு திரும்பும் வழியில் பெண் பொரிந்து தள்ளியது.

"அவரு என்னப்பா செஞ்சாரு? ஏன் காசு கொடுத்தீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம் தாயி. நம்ம வீட்டு மனைக்கு நத்தம் பட்டா இன்னும் ஒங்க தாத்தா பேர்லயே கெடக்கே."