தண்ணீர் பார்த்த கூடாரம்

பெப்ரவரி மாதத்து ஒரு காலை, மணி 6.50. வெளியே சைபருக்குக் கீழே 17 பாகை. இரவு கொட்டிய பனியை இன்னும் யாரும் வழிக்கவில்லை. ஸ்காபரோவில் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர், ஆளுக்கொரு திரையை வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருக்கிறோம். மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று காத்திருந்த நாளில்கூட இந்த வீட்டில் இவ்வளவு பக்தி இருந்ததில்லை.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் கூடாரம் அடிக்க வேண்டுமென்றால், போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னதாக, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஜூலை நடுவில் நீந்த ஆசைப்படுகிறவன் பெப்ரவரி நடுவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டும். 7.00 என்றால் 7.00தான். 7.01 என்பது அடுத்த பிறவி.

ஏழடித்தது. அமுக்கினோம். வரைபடத்தில் நீலக் கோட்டை ஒட்டியிருந்த சைட்டுகள் எல்லாம் நான் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் போய்விட்டன. அவற்றைப் பிடிக்கிறவர்கள் யார் என்று இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒருவரையும் நேரில் சந்தித்ததும் இல்லை. சொர்க்கத்துக்குப் போனவர்களைப்போல, அவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பத்தான் வேண்டும்.

தண்ணீர்க் கரை என்றால் எனக்கு ஏன் இப்படி ஒரு பித்து? ஊர்தான் காரணம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கையாறு இருக்கிறதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அது மாரியில் மட்டும் ஓடும். பெயரிலேயே வழுக்கை உள்ள ஓர் ஆற்றிடம் அதற்கு மேல் என்னத்தை எதிர்பார்ப்பது? எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. ஓடும் தண்ணீர் என்றால் துலாவால் இறைத்து வாய்க்காலில் விட்டது. வாழைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதன் பயணம் முடிந்துவிடும். அப்படி வளர்ந்த ஒருவனை 250,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள மாகாணத்தில் கொண்டுவந்து இறக்கினால் அவன் புத்தி எப்படி நேராக நிற்கும்?

அம்மாவுக்கு இது எதுவும் விளங்குவதில்லை. நாங்கள் முதன்முதல் கூடாரம் வாங்கி வந்த நாளில் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வீடு வாசல் இருக்கேக்கை ஏன்ரா இதுக்குள்ளை போய்ப் படுக்கிறாய்?"

"அது ஒரு சந்தோசம் அம்மா. இயற்கையோட இருக்கிறது."

"எவ்வளவு காசு?"

சொன்னேன். ஒரு இரவுக்குப் பூங்காவுக்குக் கட்டுகிற காசையும் சேர்த்துச் சொன்னேன்.

"தொண்ணூற்றைஞ்சிலை தென்மராட்சிக்கு ஓடேக்கை நாங்கள் மரத்துக்குக் கீழை படுத்தனாங்கள். ஒருத்தரும் எங்களிட்டைக் காசு கேக்கேல்லை."

1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் சட்டி பானையோடு பாலம் கடந்து நடந்தது. நான் அப்போது கனடாவில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆகவே கூடாரத்தைப் பற்றி அம்மாவோடு வாதாடும் தகுதி எனக்கு இல்லை.

மனைவிக்கு வேறு அளவுகோல். பூங்கா வரைபடத்தை விரித்தால் நான் நீல நிறத்தைத் தேடுவேன். அவர் கக்கூசைத் தேடுவார். பிறகு இரண்டு விரலால் தூரம் அளப்பார். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு படம் போட்டிருப்பார்கள்: ஒரு மேசை, ஒரு நெருப்புக் குழி, நாலு மரம். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். பெண் பார்க்கும் படலத்தில் தரகர் காட்டும் படங்களைப்போல, மறைக்க வேண்டியது எப்போதும் படத்துக்கு வெளியே இருக்கும்.

அல்கொன்குயின் பூங்காவில் 'இரண்டு ஆறுகளின் ஏரி' என்று ஒரு காம்ப் இருப்பதை முதலில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓர் ஏரி, இரண்டு ஆறு, ஒரே பெயரில். "அதுக்குப் பக்கத்தாலை போற கோடு என்ன?" என்று கேட்டார் மனைவி. நெடுஞ்சாலை 60. 1893-இல் தொடங்கிய, 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த பூங்கா அது. காரில் போய் இறங்கக்கூடிய காம்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சாலையில் கோத்த மணிகள். சரி, அங்கேயே கனூ ஏரி என்றேன். 1917-இல் ரொம் தொம்சன் என்ற பெரிய ஓவியர் அந்த ஏரிக்குக் கனூவில் போய் உயிரோடு திரும்பவில்லை என்பதை மகள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். நீச்சலும் துடுப்பும் தெரிந்த வெள்ளைக்காரருக்கே அந்தக் கதி என்றால், என்று மனைவி தொடங்கி முடிக்காமல் விட்டார்.

ஜோர்ஜியன் குடாவில் கில்பெயார்? மசசோகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு வாழும் இடம். அது பயந்த சுபாவமுள்ள பாம்பு, தானாக ஒருவரையும் தேடிவந்து கடிக்காது என்று எவ்வளவோ சொன்னேன். "உங்களைப் பற்றியும் கலியாணத்துக்கு முதல் அப்பிடித்தான் சொன்னவை" என்று வந்தது பதில். சாண்ட்பாங்க்ஸில் 'அவுட்லெற் றிவர்' என்ற பகுதி ஒன்று உண்டு. ஆறு ஓடிவந்து ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடம். ஏரியும் வேண்டும் ஆறும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவனுக்காகவே கடவுள் செய்தது. அதனால்தான் 7.00-க்கும் 7.01-க்கும் இடையில் அது என்னைத் தவிர எல்லோருக்கும் கிடைக்கிறது.

எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணை இருக்கிறார். இருபது வருடக் காம்பிங் அனுபவம். கலியாண வீட்டில் கண்டாலும் கூடாரத்து ஆணியைப் பற்றித்தான் பேசுவார். "தம்பி, தண்ணிக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவுக்குத்தான் காம்பிங். மிச்சமெல்லாம் பார்க்கிங்" என்பது அவருடைய வேதவாக்கு. மே மாதத்து விக்ரோறியா நாள் விடுமுறைக்கு மட்டும் அவர் எங்கும் வரமாட்டார். அந்த நாட்களில் பல பூங்காக்களில் மதுவுக்குத் தடை. வாழ்க்கையில் பியர் ஒருவருக்குச் செய்த ஒரே நன்மை அதுதான் என்பது எனக்குப் பிறகு விளங்கியது.

ஏனென்றால் அண்ணை இல்லாமல், ஜூன் தொடக்கத்தில், நான் ஒரு ஆற்றங்கரைச் சைட்டை எடுத்தேன். பூங்காவின் பெயர் வேண்டாம்; பிழை முழுக்க என்னுடையது. கூடாரத்திலிருந்து பத்தடியில் ஆறு. கல்லில் மோதிச் சளசளவென்று ஓடுகிறது. நான் புத்தம்புதுக் கரு நீலச் சேட்டோடு கரையில் நின்று கையை விரித்தேன். அப்போதுதான் கறுப்பு ஈக்கள் வந்தன.

நுளம்பை நாங்கள் அறிவோம். நுளம்பு தேங்கிய தண்ணீரில் பிறப்பது, நம்மூர்ப் பிரசை, வரும்போது காதில் பாடிச் சொல்லிவிட்டு வரும். இந்த நாட்டுக் கறுப்பு ஈ அப்படியல்ல. அதன் புழு ஓடும் தண்ணீரில், கல்லைப் பிடித்துக்கொண்டு வளரும். அதுவும் சுத்தமான தண்ணீராக இருக்க வேண்டும். மே நடுவிலிருந்து ஜூன் முடியும் வரைக்கும் அதற்குத் திருவிழாக் காலம். பகலில் வரும், சத்தம் போடாது, காதுக்குப் பின்னாலும் தலைமயிர் ஓரத்திலும் தோலை அறுத்து இரத்தம் குடிக்கும். கரு நிறத்தைக் கண்டால் அதற்கு விருப்பம் என்பதையும் என் சேட்டு அன்று நிரூபித்தது. ஏரியா ஆறா என்று வருடக்கணக்காக நான் போட்ட மண்டை உடைப்பின் உண்மையான பொருள், நுளம்பா கறுப்பு ஈயா என்பதுதான். இதை எந்த விளம்பரத்திலும் எழுதியிருக்கமாட்டார்கள். வீங்கிய காதோடு கரையில் இருந்த என்னிடம், இந்த ஆறு மிகவும் சுத்தமானது என்பதற்கு இந்த ஈக்களே சாட்சி என்று ஒரு பூங்கா ஊழியர் பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார்.

இரவு ஈ போய்விட்டது. ஆறு போகவில்லை. ஓடும் தண்ணீரின் ஓசை மனதுக்கு அமைதி தரும் என்பார்கள். இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவனுக்கு அது மனதுக்குப் போவதற்கு முன் வேறோர் உறுப்புக்குப் போகிறது. பன்னிரண்டுக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை. கக்கூஸ் 400 மீற்றர் தள்ளி. ஒவ்வொரு தடவையும் மனைவி இருட்டில் கண்ணைத் திறக்காமலே, "வரைபடத்திலை இரண்டு விரல்" என்றார். குளிர்ந்த காற்று பாரமானது. இரவில் அது பள்ளம் தேடி இறங்கும். ஆறு இருப்பதும் பள்ளத்தில்தான். விடியும்போது கூடாரத்தின் உட்புறம் முழுக்க வியர்த்து எங்கள் முகத்தில் சொட்டியது. ஆற்றுச் சத்தத்தில் ரக்கூன் வந்ததும் கேட்கவில்லை. உணவைக் காருக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. எல்லாவற்றையும் பூட்டியிருந்தோம், கட்டைச் சம்பல் போத்தலைத் தவிர. அந்த ரக்கூன் அதைத் திறந்து பாதி சாப்பிட்டிருந்தது. மீதிப் பாதியை ஏன் விட்டது என்பதும், நேரே ஆற்றுக்கு இறங்கிய அதன் காலடித் தடமும் ஒன்றையொன்று விளக்கின.

அடுத்த வருடம் ஏரிக்கரை. யாரோ கைவிட்ட சைட் ஒன்று கடைசி நேரத்தில் அகப்பட்டது. ஏரி பார்ப்பதற்கு அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பகலில் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும். அதனால் நெருப்புப் புகை நாங்கள் எந்தப் பக்கம் கதிரையைப் போட்டாலும் எங்களையே கேட்டு வந்தது. கரைக்குப் போகும் கிட்டின வழி எங்கள் சைட்டுக்குள்ளால் என்று காம்பில் உள்ள எல்லாக் குடும்பங்களும் தீர்மானித்திருந்தன. மனைவி அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறியைக் கிண்டிக்கொண்டிருக்க, நடுவால் கனூ ஒன்று தலைகீழாக, நான்கு கால்களோடு நடந்து போனது. அடியில் இருந்து ஒரு குரல் 'நல்ல வாசம்' என்றது. இரவு லூன் கத்தியது. ஒரு டொலர்க் குற்றியில் 1987 முதல் மரியாதையாக மிதக்கிற அதே பறவைதான். நடு இரவில் அது கத்தும்போது செத்தவீட்டில் தூரத்து மச்சாள்மார் வந்து இறங்கியதுபோல இருக்கும். மகள் எங்கள் படுக்கைக்கு வந்துவிட்டாள். படுக்கை சரிவில் இருந்ததால் விடியும்போது நாங்கள் மூன்று பேரும் கூடாரத்தின் தண்ணீர்ப் பக்க மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தோம்.

இந்த வருடம் நடந்தது வேறு. பெப்ரவரியில் எனக்கு அகப்பட்டது ஒரு மேட்டுச் சைட். தண்ணீர் தெரியாது. கக்கூஸ் முப்பது அடியில். மனைவி வாழ்க்கையில் முதன்முறையாக என் தெரிவைப் பாராட்டினார். அண்ணைக்கோ கீழே கரையோரம் முதல் வரிசையில் கிடைத்திருந்தது. அதைவிட ஆச்சரியம், எண்பத்திரண்டு வயதில் அம்மாவும் வெளிக்கிட்டார். "வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யிறது? நானும் உந்த இயற்கையைப் பாப்பம்."

காரால் இறங்கிய அம்மா ஒரு சுற்றுச் சுற்றினார். நான் கூடாரத்தை விரித்த இடத்தில் வந்து நின்றார். சமமாக, மெத்தென்று, யாரோ கூட்டிவிட்டதுபோல இருந்த இடம்.

"உதிலை வேண்டாம். இந்தச் சருகைப் பார். வளைஞ்சு கோடு மாதிரிக் கிடக்கு. தண்ணி நிண்டு வத்தின அடையாளம்."

பிறகு மேலே பார்த்தார். "அந்தப் பட்ட கொப்புக்குக் கீழையும் வேண்டாம். தலைமாடு மேட்டுப் பக்கம் வரட்டும். வாசல் காத்துக்கு எதிர்ப்பக்கம். கிடுகு இல்லையோ? சரி, உந்தத் துணியை இழுத்துக் கட்டு." நாலு நிமிடம். நான் பத்து வருடமாகப் படித்த கலையை அவர் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தார். எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் கரைக்கு நடந்தோம். அண்ணை தன் கூடாரத்துக்கு முன்னால் காலை நீட்டி, ஏரியைச் சொந்தக் காணிபோலக் காட்டினார். "எப்பிடியம்மா இடம்?"

"வடிவான இடம் தம்பி. மழை வராட்டில் நல்லது."

நள்ளிரவு தாண்டி மழை வந்தது. சாதாரண மழை அல்ல. மேட்டிலுள்ள தண்ணீரெல்லாம் எங்களை இரண்டாகச் சுற்றிக்கொண்டு கரையைத் தேடி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சளசளப்புக்கு எனக்குக் கக்கூசும் வந்தது, முப்பதே அடி. மூன்று மணிபோல வாசலில் வெளிச்சம். அண்ணையும் அவருடைய மனைவியும், ஆளுக்கொரு தலையணையோடு. அண்ணையின் இருபது வருட அனுபவம் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சைட்டில் ஆறு பேருக்குத்தான் அனுமதி, இப்போது ஏழு பேர் என்று மனைவி என் காதில் குசுகுசுத்தார். "பள்ளிக்கூடத்திலை ஒரு வகுப்புக்குள்ளை நாங்கள் அறுபது பேர் படுத்தனாங்கள். உள்ளுக்கை வா தம்பி" என்றார் அம்மா. அவருக்குக் காது கேட்காது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம்.

காலையில் வெயில் எறித்தது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு மேட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசை முழுக்கக் கயிறு கட்டி, மெத்தைகளும் போர்வைகளும் காய்ந்தன.

"எட தம்பி, உந்தத் தண்ணிக்கரையில இருக்கிற ஆக்கள் எல்லாம் காசு குடுத்தே வந்தவை?"

"ஓம் அம்மா. அஞ்சு மாசத்துக்கு முதலே."

அம்மா கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார். பிறகு கோப்பையை என் கையில் தந்துவிட்டு, ஒரு சாக்குக் கயிறு இருந்தால் எடுத்துவரச் சொன்னார். அண்ணை தன் போர்வையைக் கட்டியிருந்த முடிச்சு சரியில்லையாம்.