மறைய மின்சாரம் எதற்கு?

கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறவர்களின் கதைகளில் என் ஓட்டு இரும்புக்கை மாயாவிக்குத்தான். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியபோது முதல் இதழிலேயே வந்த ஆள். அதற்குப் பத்து வருடம் முன்பே இங்கிலாந்தில் 'வேலியன்ட்' இதழில் பிறந்துவிட்டார். விபத்தில் போன கைக்குப் பதில் இரும்புக்கை. உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

"இதெல்லாம் நடக்கிற கதையா?" என்று கேட்கிறவர்கள் ஒரு தேர்தல் நாளில் எருத்தேன்பதிக்கு வாருங்கள். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், தமிழ் பேசுகிற பஞ்சாயத்து. அன்றைக்கு எங்கள் விரல் மட்டும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் துல்லியமாகத் தெரியும். அந்த விரலைப் பார்த்துக் கும்பிடுவார்கள், தமிழிலேயே நலம் விசாரிப்பார்கள். மை அழிவதற்குள் விரலுக்குப் பின்னால் இருக்கிற ஆள் மறைந்துவிடுவான்.

ஹாரி பாட்டருக்கு மறைய ஒரு போர்வை வேண்டும். டோல்கினின் பில்போவுக்கு ஒரு மோதிரம். எங்களுக்கு ஒரு மனு போதும். தமிழில் எழுதி ஜன்னலுக்குள் நீட்டினால் அந்த நொடியே மறைந்துவிடலாம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. சட்டம் எழுதலாம் என்றுதானே சொன்னது, யாராவது படிப்பார்கள் என்று சொன்னதா?

ஒரு அலுவலகத்தில் என் காது கேட்டது இது.

"ஏனுங்க சார், தமிழ் ஃபாரம் ஒண்ணு குடுங்க."

"தமிழ் ஃபாரம் தீர்ந்து போயி."

"தீர்றதுக்கு எப்பங்க வந்துச்சு?"

சார் தலையை நிமிர்த்தவில்லை. எதிரே ஆள் இருந்தால்தானே நிமிர்த்துவார்.

'மிஸ்டர் இந்தியா' மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. 1987-இல் வந்த படம். அனில் கபூர் கையில் கருவியைக் கட்டிக்கொண்டு மறைவார், சிவப்பு வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிந்துவிடுவார். சுத்தப் புருடா. இந்த மாநிலத்தில் எங்கள் மேல் எத்தனை முறை சிவப்பு வெளிச்சம் அடித்தாயிற்று! நடுநடுவே மூவர்ணத்திலும் அடித்துப் பார்த்தார்கள். எந்த நிறத்திலும் நாங்கள் தெரியவில்லை. ஆனால் சித்தூர்க் கள் என்றால் மாநிலம் முழுக்கத் தெரியும். விடிந்ததும் வண்டி வண்டியாக மேற்கே போகிறது. பானை தெரிகிறது, மரமேறிய கை தெரியவில்லை. மாயாவிக்கு அந்தக் கையாவது தெரிந்தது.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். தமிழில் உருப்படியான விஞ்ஞானத் தொடர் என்று நினைத்தால் எனக்கு நினைவு வருவது தூர்தர்ஷனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. குட்டி இயந்திர நாய் ஜீனோவை எல்லோரும் கொஞ்சினார்கள். கொஞ்ச வேண்டியதுதான், அந்தக் கதையில் மூளை உள்ள குடிமகன் அது ஒன்றுதான். எனக்குப் பிடித்தது ஜீவா. நாட்டையே ஆட்டிவைக்கிற சர்வாதிகாரி. கடைசியில் பார்த்தால் வெறும் ஒளிப்பிம்பம், ஹோலோகிராம். குறை தீர்க்க வருவதாகச் சொல்லிவிட்டு ஃபிளெக்ஸில் மட்டும் வந்து நிற்கிற அமைச்சர்களைப் பார்த்துப் பழகிய ஊருக்கு அந்தத் திருப்பம் திருப்பமாகவே படாது. அதற்கு அப்புறம் நம் சேனல்கள் எங்கே முன்னேறின? பாம்புக்கு. மனிதன் நிலவில் இறங்கியதெல்லாம் பழங்கதை, மருமகள் பாம்பாக மாறுவதே ஃபேண்டஸி. அதிலும் சிலவற்றை இந்தியிலிருந்து குரல் மாற்றி இறக்குகிறார்கள்.

"காமிக்ஸ் எல்லாம் சின்னப்பசங்க சமாச்சாரம், யதார்த்தத்தைப் படியுங்கள்" என்று தமிழ்நாட்டு மேடைகளில் அறிவுரை வேறு. ஐயா, உங்கள் யதார்த்தத்தில் நாங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்? உலகத் தமிழர் என்று தொண்டை கிழியப் பேசும்போது கனடாவும் மலேசியாவும் கண்ணுக்குத் தெரிகின்றன. கோவையிலிருந்து பஸ் ஏறினால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிய கையோடு நாங்கள்தான். அந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் உங்கள் பார்வைக்குப் பெர்மிட் இல்லை போலும்.

இத்தனை பேரில் மறைகிறவனைப் பற்றி நிஜத்தை எழுதியவர் ஹெச்.ஜி. வெல்ஸ் ஒருவர்தான். 1897-இல் அவர் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலில் மறைந்தவனுக்குக் குளிர் உண்டு, பசி உண்டு, சேற்றில் அவன் காலடி பதியும். இன்னொரு விஷயமும் எழுதினார்: அவன் தின்றது செரிக்கும்வரை வெளியே தெரியும்.

பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. மழை எட்டிப் பார்க்கத் தயங்குகிற இந்தப் பூமியில் ஆழ்குழாய் போட்டுத் தண்ணீரை உறிஞ்சியது. கிணறு வற்றியது, மிஞ்சிய தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கெட்டது. மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் வாசலில் உட்கார்ந்தார்கள். 2004-இல் ஆலை நின்றது. மயிலம்மா 2007-இல் இறந்துபோனார். அரசு அமைத்த உயர்மட்டக் குழுவே 2010-இல் கணக்குப் போட்டு, சேதம் 216.26 கோடி ரூபாய் என்றது. அதை வாங்கித்தர ஒரு தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போனது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் செத்தது. அதன் பிறகும் வெள்ளைச் சட்டைகள் வந்து மைக் பிடித்து, இழப்பீடு வந்தே தீரும் என்றன.

வெல்ஸ் கணக்குப்படி விழுங்கியது வயிற்றில் தெரிந்தாக வேண்டும். கோலாக்காரர்களின் அட்லாண்டாவிலும் பார்த்தாயிற்று, டெல்லியிலும் திருவனந்தபுரத்திலும் பார்த்தாயிற்று. ஒரு வயிற்றிலும் ஒரு சொட்டுத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் செரித்துவிட்டது.