கட்டடம் பட்டணத்தில், நாடகம் புதுக்கோட்டையில்

சென்னை சென்ட்ரலை விட்டு வெளியே வந்து ரிப்பன் மாளிகைப் பக்கம் நடந்தால், செக்கச் செவேல் என்று ஒரு கட்டடம் நிற்கும். விக்டோரியா பப்ளிக் ஹால். 32 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு மாநகராட்சி அதைப் பழுதுபார்த்திருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்கள் அந்த வழியே போகும்போது நெஞ்சை நிமிர்த்தியே நடக்கலாம். அன்றைக்கு அதற்கு நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலில் எங்கள் ராஜாவின் பெயரும் இருக்கிறது, எங்கள் திவான் சேஷையா சாஸ்திரியின் பெயரும் இருக்கிறது.

இதில் வேடிக்கை, அப்போது சமஸ்தானம் இருந்த இருப்பு. ராஜா ராமச்சந்திரத் தொண்டைமான் வாங்கிய கடனுக்கு அளவில்லாமல் போய், வெள்ளைக்காரன் அவருடைய ‘எக்ஸலென்சி’ பட்டத்தையே பறித்து வைத்த கதையெல்லாம் உண்டு. நிர்வாகத்தைச் சீர் செய்யத்தான் 1878-ல் சேஷையா சாஸ்திரி வந்தார். புதுக்குளத்தைச் சீரமைத்தார், தெருக்களை ஒழுங்கு பண்ணினார். பட்டணத்துப் பெரிய மனுஷர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்தால் மட்டும் ‘கையில் இல்லை’ என்று சொல்ல முடியுமா? மைசூர் கொடுத்தாகிவிட்டது, திருவிதாங்கூர் கொடுத்தாகிவிட்டது. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் நம் பெயரை உரக்கப் படித்த பிறகு சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நிற்க முடியாது.

1882-ல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1883 டிசம்பர் 17-ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். கட்டுமானம் தொடங்கியது 1888-ல். நடுவில் நாலு வருஷத்துக்கு மேல் அந்தக் கல் தனியாகக் காவல் இருந்தது. அடிக்கல்லை நாட்டிவிட்டு மறந்துபோவது நம் காலத்து அரசியல்வாதிகள் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். அதற்குள் விக்டோரியா ராணிக்குப் பொன்விழா வந்து தொலைத்தது. காசு கொடுத்தவர்கள் நம்மூர் ராஜாக்கள், பெயர் மட்டும் லண்டன் அம்மாளுக்கு.

வரைந்தவர் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1890-ல் வேலை முடிந்தது. கோபுரத்தின் தலையில் மட்டும் கேரளத்துக் கூரை கவிழ்ந்திருக்கும். சிஷோம் அதற்கு முன்பு திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் கட்டியவர், அந்த ருசி விடவில்லை. நம் சாஸ்திரியும் இங்கே வருமுன் அங்கே திவானாக இருந்தவர்தான். நிமிர்ந்து பார்த்திருந்தால் பழைய உத்தியோகம் ஞாபகம் வந்திருக்கும்.

கட்டினது சொற்பொழிவுக்கு. அந்த வகையில் குறை வைக்கவில்லை, 1897 பிப்ரவரியில் விவேகானந்தரே அங்கே முழங்கினார். ஆனால் ஹாலுக்கு உயிர் கொடுத்தது அரிதாரம்தான். 1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழு பட்டணத்துக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே மூக்கைச் சுளித்த பம்மல் சம்பந்தம், அதைப் பார்த்து மனம் மாறி சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். சபாவில் சேர்ந்த வக்கீல்கள் பகலில் கோர்ட்டில் வாதாடிவிட்டு, ராத்திரி அந்த ஹால் மேடையில் சேலை கட்டிக்கொண்டு கதாநாயகியாக நின்றார்கள். காசு வாங்காமல் ஆடியதால் அது கலை. அதே சேலையைக் காசுக்குக் கட்டியவன் கூத்தாடி. இந்தச் சட்ட நுணுக்கத்தை எந்தக் கோர்ட்டில் தீர்ப்பாகச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அந்தக் ‘கூத்தாடி’களின் தலைமகன் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். லயம் கற்றுக்கொள்ள அவர் தேடி வந்த இடம் எது? எங்கள் புதுக்கோட்டை. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே சுவீகரித்துக்கொண்டார் என்பார்கள். சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் இன்றைக்கும் எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கிறது. மண்டபம் கிடையாது. திடலில் ஒரு கொட்டகை, முன்னால் மண் தரை, அவரவர் கொண்டுவந்த பாய். நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஆளாளுக்கு ஒரு போட்டோ. ராஜபார்ட் ஓர் ஊர், வள்ளி வேறோர் ஊர். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பார்த்ததும் காதலிப்பார்கள்.

நாடகத்தில் காசு இல்லை என்று யாராவது சொன்னால் பி.யு. சின்னப்பாவைக் காட்டலாம். பாய்ஸ் நாடகக் கம்பெனியில் வளர்ந்து, 1940-ல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்ட எங்கள் ஊர்ப் பிள்ளை. ஊரில் வீடு வீடாக வாங்கித் தள்ளியதில், இனி இவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று ராஜாவே உத்தரவு போட்டாராம். உத்தரவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, கதையை மட்டும் புதுக்கோட்டையில் எல்லாரும் சொல்வார்கள்.

பட்டணத்து ஹாலின் கதைக்கு வருவோம். 1890களின் கடைசியில் சென்னையில் முதன்முதலாகப் படம் ஓடியது அங்கேதான். தன்னை விழுங்கப்போகும் சினிமாவை நாடக மேடையே கூப்பிட்டு உட்காரவைத்தது. 1936-ல் சுகுண விலாச சபா மவுண்ட் ரோடுக்குக் குடிபோனது. அப்புறம் குத்தகை வழக்கு, முன்பக்கம் ஓட்டல், கூரையில் செடி, பூட்டு. ஒரு தலைமுறை அதைப் பஸ்ஸிலிருந்து மட்டுமே பார்த்தது.

இப்போது பளபளவென்று இருக்கிறது, சந்தோஷம். கொடுத்த நன்கொடைக்கு வட்டி கேட்கவில்லை, வள்ளி திருமணத்துக்கு ஒரே ஒரு தேதி கொடுத்தால் போதும். ஒரு சின்னச் சிக்கல்தான். ஒன்பதரைக்கு வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்து நிற்பார். அப்போதுதான் எங்கள் பபூன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அரிதாரம் பூச உட்காருவார். அதற்கப்புறம் டான்ஸ் வர வேண்டும், நாரதர் வர வேண்டும், முருகன் வேடனாக வந்து வள்ளியிடம் தர்க்கம் பண்ண வேண்டும். கல்யாணம் எப்படியும் காலை அஞ்சு மணிக்குத்தான்.