தேக்காவின் காலக் கணக்கர்

சிங்கப்பூர்த் தமிழர் தேக்கா என்றே வழங்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், வார இறுதி மாலைகளில் காணக் கிடைக்கும் மனித வகைகளுள் 'காலக் கணக்கர்' எனப் பெயரிடத்தக்கவர் தனி ஆய்வுக்கு உரியவர். வாரம் முழுவதும் கணினி முன் அடங்கி அமர்ந்திருக்கும் இவர், சனிக்கிழமை வந்ததும் 'டார்க்' என்னும் ஜெர்மானியத் தொடரின் உட்பொருளைக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் வேறுபாடின்றி வழங்குவார். பாரன் போ ஓடார், யான்ட்யே ஃபிரீஸ ஆகிய இருவர் உருவாக்கி, 2017 முதல் 2020 வரை மூன்று பருவங்களாக, 26 அத்தியாயங்களாக நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த அத்தொடர், விண்டன் என்ற கற்பனைச் சிற்றூரின் குகை வழியே சிலர் 33 ஆண்டு இடைவெளியில் முன்னும் பின்னும் போய்வருவதையும், அதனால் நான்கு குடும்பங்களின் வம்சாவளி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதையும் சொல்வது. ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாதவராயினும், ஆங்கிலக் குரலில் அதைப் பார்ப்பது பாவம் என்பது இவர் கொள்கை. ஒலி ஜெர்மனிலும் எழுத்து ஆங்கிலத்திலும் ஓட, விளக்கம் தம் வாயால் தமிழில் நடந்தால்தான் இவருக்கு நிறைவு.

காலப்பயணக் கதைகளை இவர் இரண்டாகப் பிரிப்பார். போன காலத்தைத் திருத்திவிடலாம் என்று நம்புபவை ஒரு வகை. திருத்தப் போனவரின் செயலே அந்தப் போன காலத்தை உண்டாக்கியது என்று காட்டுபவை மற்றொன்று. 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016) முதலிய தமிழ்ப்படங்களை முதல் வகையில் சேர்த்து, குழந்தைகள் பார்க்கட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுவிடுவார். அப்படங்களுக்கு முதல் வாரமே சீட்டெடுத்தவர் இவர் என்பது வேறு செய்தி. இரண்டாம் வகையின் உச்சம் என இவர் காட்டுவது தொடக்கமில்லாச் சுழல். தோன்றிய இடமே இல்லாமல் தன்னைத் தானே தோற்றுவித்துக்கொள்ளும் பொருளுக்கு இவர் வைத்த பெயர் அது. 'டார்க்' தொடரில் வரும் ஷார்லட் என்பவளின் மகள் எலிசபெத், அந்த எலிசபெத்தே ஷார்லட்டின் தாய் என்று சொல்லி நிறுத்தி, எதிரில் இருப்பவரின் முகம் மாறும்வரை காத்திருப்பார்.

விளக்கம் பெரும்பாலும் தேக்கா நிலைய உணவங்காடியில், பிரியாணிக்குப் பிறகு நிகழும். மூன்று தே தாரிக் குவளைகளை வரிசையாக வைத்து, அவற்றை 1953, 1986, 2019 என்று அறிவித்து, அவற்றினூடே கரண்டி ஒன்றை மனிதராக நடத்திச் செல்வார். உணவங்காடிகளில் சாப்பிட்டவரே தட்டையும் குவளையையும் திருப்பி வைக்கவேண்டும் என்ற விதி 2021 செப்டம்பர் முதல் நடவடிக்கைக்கு உரியதாகிவிட்டமையால், கரண்டி பாதி வழியில் இருக்கையில், "அண்ணே, 1986-ஐ எடுத்து வச்சிடட்டா?" என்று இளைய நண்பர் ஒருவர் எழுவதும் உண்டு. அந்நேரத்தில் இவர் முகத்தில் தோன்றும் வேதனையைத் தொடரின் எந்த நடிகரும் காட்டியதில்லை.

மூன்றாம் பருவம் 2020 ஜூன் 27 அன்று, கதையில் உலகம் அழியும் அதே நாளில், வெளியானது. தொற்றுக் கட்டுப்பாடு ஜூன் 19-ல் தளர்ந்து, ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினர் வரலாம் என்ற நிலை வந்திருந்ததால், கணக்கர்கள் பலர் சட்டம் அனுமதித்த ஐவரையும் அழைத்தனர். இணை உலகம் ஒன்று புதிதாக நுழைந்ததும் அவ்வைவரும் ஒவ்வொருவராகக் கடைசிப் பேருந்தை நினைவுகூர்ந்தனர்.

கணக்கரின் புலமை தோற்கும் இடம் அவருடைய வீடே. நாயகன் யோனாஸ், தான் விரும்பும் மார்த்தா தன் தந்தையின் உடன்பிறந்தவள் என்று அறியும் கட்டத்தை, மூன்று காகிதங்களில் அம்புக்குறியிட்டு இவர் விளக்கத் தொடங்குகையில், முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும் பாட்டி தலைநிமிராமலே, "அத்தையையாடா கட்டப்போறான்? அவளுக்கு ஒரு பொண்ணு இருந்தா முறையாச்சும் வந்திருக்கும்" என்று முடித்துவிடுவார். அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே பெண் கொடுத்தும் எடுத்தும் பழகிய சமூகத்தின் மூதாட்டிக்கு விண்டன் ஊர் ஒரு சாதாரணக் கல்யாண வீடு; முறை தவறிய கல்யாண வீடு, அவ்வளவே.

தாமதமாக வருவதற்கும் இவரிடம் காலவியல் சமாதானம் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குச் சிங்கப்பூரின் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளப்பட்டன; பறிபோன அந்த அரைமணியை மக்கள் சார்பில் தாம் சிறுகச் சிறுக மீட்டுவருவதாகச் சொல்வார். அப்போது இவர் பிறந்திருக்கவே இல்லை.

தொடரைப் பற்றி இவர் கொண்ட கருத்தோ வெல்ல முடியாதது. புரியவில்லை என்பவரை மறுபடி பார்க்கச் சொல்வார். புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை என்பவருக்குப் புரியவில்லை என்று தீர்ப்பளித்து, அவரையும் மறுபடி பார்க்கச் சொல்வார். அக்கருத்து இவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், அலுவலக நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகத் தெரியவரும். அந்த நண்பரைக் கேட்டால், இவர் சொல்லித்தான் தமக்குத் தெரியும் என்பார்.

இத்தனையும் கேட்டு முடித்த அக்காள் மகன், "மாமா, படம் நல்லா இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்று நேராகக் கேட்டதும் கணக்கர் நெடுநேரம் யோசித்து, "நீ மொதல்ல மூணாவது சீசனைப் பாரு. அப்புறம் மொத சீசனைப் பாரு. போன வாரமே சொல்றேன்" என்பார்.