கயத்தாறுக்கு வராத ஜப்பான்காரன்

பசிபிக் கடலில் குவாடல்கனால் என்று ஒரு தீவு. 1942இல் ஜப்பான்காரன் அங்கே காட்டை வெட்டி விமான ஓடுதளம் போட்டான். வேலை முடிகிற நேரம் பார்த்து அமெரிக்காக்காரன் இறங்கி அதைப் பிடுங்கி, ஹெண்டர்சன் என்று தன் ஆள் பெயரையும் வைத்துவிட்டான். அந்தத் துண்டு தரைக்காக இரண்டு பேரும் ஆறு மாதம் மல்லுக்கட்டினார்கள்.

அதே யுத்தத்துக்கு எங்கள் திருநெல்வேலி ஜில்லாவிலும் ஓர் ஓடுதளம் போட்டார்கள், கயத்தாறில். ஆறு மாதம் என்ன, ஆறு நிமிஷம்கூட அதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் மதுரைக்குப் போகிற வழியில் அதன் பக்கமாகத்தான் போய் வருகிறோம். யாரும் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரனுக்குக் கயத்தாறு ஏற்கெனவே பழகின ஊர். 1799 அக்டோபர் 16இல் மேஜர் பானர்மேன் இங்கேதான் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, கட்டபொம்மனைப் புளியமரத்தில் தொங்கவிட்டார். தீர்ப்பை முடிவு செய்துவிட்டு வாக்குமூலம் கேட்கிற வகை விசாரணை. நூற்று நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அதே கூட்டம் அதே ஊருக்குத் திரும்பி வந்தது. இந்தத் தடவை நம்மைக் காப்பாற்றுவதற்காம்!

காப்பாற்ற வந்தவர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அங்கே வெள்ளைக்காரன் பெரிய பீரங்கிகளைக் கடல் வழியாக வருகிறவனுக்காக வைத்திருந்தான். ஜப்பான்காரனோ மரியாதை தெரியாமல் பின்பக்கமாக, மலாயாக் காடு வழியே, பாதி தூரம் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மார்ச்சில் அந்தமானும் போனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. ஒன்பதாம் தேதி திருகோணமலை.

அவ்வளவுதான், சென்னை அரசாங்கத்துக்கு வயிறு கலங்கிவிட்டது. கவர்னர் ஆர்தர் ஹோப் துரை ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அலுவலகங்கள் ஆளுக்கொரு மேட்டு நிலம் தேடி ஓடின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு மூட்டை கட்டியது. கட்டுகளும் சிவப்பு நாடாவும் முதலில் ரயிலேறின, ஜனங்கள் அவரவர் சாமர்த்தியம்.

பெரிய வீரச்செயல் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலையில் நடந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் ஊருக்குள் புகுந்துவிடுமே என்று, மலபார் ஸ்பெஷல் போலீஸை வரவழைத்து அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். ஜப்பான்மீது சுட வேண்டிய ரவை, கூண்டுக்குள் நின்ற புலிமேல் பாய்ந்தது. குறி தப்பியிருக்க வாய்ப்பில்லை.

ஜப்பான் கப்பற்படை என்ன செய்தது தெரியுமா? திருகோணமலையை அடித்த கையோடு திரும்பிப் போய்விட்டது. அதற்கு பசிபிக்கில் வேறு வேலை இருந்தது. சென்னைமேல் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில்தான், அதுவும் ஒற்றை விமானத்திலிருந்து. அதற்குள் ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து கோப்புகளைப் பிரித்தாகிவிட்டது. புலிகள்தான் திரும்பவில்லை.

இந்தப் பீதிக் காலத்துச் சொத்துதான் சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் அங்கங்கே கிடக்கும் ஓடுதளங்கள். யுத்தத்தை முடித்துவைத்த விமானம் 1945 ஆகஸ்ட் 6இல் கிளம்பியது பசிபிக்கின் தினியான் தீவிலிருந்து. கயத்தாறை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே யுத்த வருஷங்களில் எங்கள் பாபநாசத்தில் சத்தமில்லாமல் ஒரு வேலை நடந்து, 1944இல் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் வந்தது. அது இன்றும் வருகிறது.

ஓடுதளங்களில் சோழவரத்துக்குத்தான் நல்ல ஜாதகம். 1950களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார் பந்தயம் நடத்த ஆரம்பித்தது. குண்டு வீச வேண்டிய இடத்தில் கோண்டல் மகாராஜா கார் ஓட்டினார், கோவை கரிவரதன் ஓட்டினார், விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். ஓடுதளத்தில் பழகின கால் சும்மா இருக்குமா? பின்னாளில் விமானக் கம்பெனியே ஆரம்பித்தார். 2016இல் லண்டனுக்கு ஒரே ஓட்டம். 

கயத்தாறுக்கு மகாராஜாவும் வரவில்லை, மல்லையாவும் வரவில்லை. காற்று வந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குள் புகுந்து ஆடி மாதம் அடிக்கிற காற்றுக்கு அம்மி பறக்கும் என்பார்கள். விமானம் பறக்காத ஊரில் அம்மியாவது பறக்கட்டும். அந்தக் காற்றை நம்பி ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் முளைத்தன, மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையமும் வந்தது. விமானத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு விசிறியை மட்டும் விட்டுப்போன மாதிரி, அங்கே இறக்கைகள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

1986இல் ஜில்லாவைப் பிரித்தபோது கயத்தாறு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. ஆறு வருஷம் கழித்து நிஜமான விமான நிலையம் வந்தது, வாகைகுளத்தில். அதுவும் தூத்துக்குடி மாவட்டம்தான். ஆக, விமானம் வராத ஓடுதளமும் அவர்களுக்கு, விமானம் வருகிற ஓடுதளமும் அவர்களுக்கு. எங்களுக்கு அம்பையிலிருந்து வாகைகுளம் போக டாக்ஸி வாடகை.