புதிதாகக் குடிவந்த பாட்டிக்குச் சில யோசனைகள்

பாட்டி, மலேசியாவுக்கு நல்வரவு.

சிரிக்காதீர்கள். எண்பதைத் தாண்டிய வயதில், பிறந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு நல்வரவு வாங்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உங்கள் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சிவப்பு அட்டை இருக்கிறதே, அதன்படி நீங்கள் நிரந்தரவாசி. குடிமகள் இல்லை. வந்தவர், தங்கிக்கொள்ள அனுமதி பெற்றவர். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆயர் தாவாரில் நீங்கள், சித்தியவானில் இன்னொருவர், சுங்கை சிப்புட்டில், தெலுக் இந்தானில், ஈப்போவில் இன்னும் பலர். எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரு கடிதம்.

அந்நிய நாட்டில் குடியேறுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்தி: காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள். அதில்தான் நீங்கள் கோட்டை விட்டீர்கள். ரப்பர் தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் விழுந்த உடனே, "கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிடுங்கள், என் பிறப்பைப் பதியச் சொல்லுங்கள்" என்று நீங்கள் அழுதிருக்க வேண்டாமா? சும்மா அழுதீர்கள். அது ஜப்பான்காரன் காலம். தோட்டத்து ஆண்களை சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன காலம். பிடித்துப் போனவன் எவனும் "உன் பிறப்புப் பத்திரம் எங்கே?" என்று கேட்கவில்லை. சாவதற்கு அப்போது எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை.

பிறகு 1957இல் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித் தேர்வு கிடையாது என்று அரசியல் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்தச் சேதியை லயத்துக்குக் கொண்டுவந்து சொல்ல வேண்டியவர்கள் யார்? தொழிற்சங்கம் இருந்தது. இந்தியர் கட்சியான ம.இ.கா. இருந்தது. கிராணி, தண்டல், தமிழ்ப்பள்ளி வாத்தியார் எல்லாரும் இருந்தார்கள். எத்தனையோ தோட்டங்களில் சந்தா வாங்க வந்த ஆள் இந்தச் சேதியைக் கொண்டுவரவில்லை. உங்கள் அப்பா காலை ஐந்து மணிக்குப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விட்டார். மரத்துக்கு மரம் மங்குக் கோப்பையைக் கவிழ்த்துத் துடைத்து, உளியால் பட்டையைச் சீவி, பால் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர், தன் குடியுரிமை வடிந்து போவதைக் கவனிக்கவில்லை. அந்தக் காலத்து உலகத்துக்கு டயர் போட்டவர்கள் நீங்கள். அதில் உருண்டு போனவர்களெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1969 நினைவிருக்கிறதா? குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் அப்போது நாடு திரும்பியதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். "திரும்பினார்கள்" என்கிறது சரித்திரம். இங்கே பிறந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று நாகப்பட்டினத்தில் இறங்கித்தான் அவர்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள். அப்படிப் போகாமல் இங்கேயே கிடந்த குற்றத்துக்கு உங்களுக்கு இந்தச் சிவப்பு அட்டை.

அடுத்தது மொழி. புதிதாக வந்தவர் உள்ளூர் மொழியைக் கற்க வேண்டும், நியாயந்தானே? நீங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் மலாயில் குடும்பக் கதை முழுக்கப் பேசுவீர்கள். கடைத்தெருச் சீன டவுக்கேயிடம் ஹொக்சியூவில் விலை குறைப்பீர்கள். மூன்று பாஷையில் சண்டை போடத் தெரிந்த உங்களைத்தான் மொழித் தேர்வுக்கு உட்காரச் சொல்கிறார்கள். நாட்டுக் கொள்கையான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை எதற்கும் மனப்பாடம் செய்து வையுங்கள். 1970இல் அதைப் பிரகடனம் செய்தபோது நீங்கள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்துகொண்டிருந்தீர்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

முறையாக வர வேண்டுமென்றால் வேறு வழியும் உண்டு. 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று 2002இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. 2024இல் வகுத்த தரங்களின்படி 150,000 அமெரிக்க டாலரை வங்கியில் வைத்தால் வெள்ளித் தரம். ஒரு மில்லியன் டாலர் வைத்தால் பிளாட்டினம், 20 ஆண்டு விசா. உங்களுக்கு இது முதல் இல்லம் என்பதால் சலுகை கிடையாது. வேறு இல்லம் இல்லாதவர்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

பணம் இல்லையா? சரி, பந்து ஆடத் தெரியுமா?

கேலி செய்யவில்லை, பாட்டி. 2025 ஜூனில் மலேசியா வியட்நாமை 4-0 என்று அடித்து வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில், அயல்நாட்டில் பிறந்து புதிதாகக் குடியுரிமை பெற்ற ஏழு பேர் ஆடினார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி பினாங்கில், மலாக்காவில், ஜொகூரில், சரவாக்கில் பிறந்தவர்கள் என்று காகிதம் சொன்னது. ஃபிஃபா மூலப் பதிவுகளைத் தேடிப் பிடித்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் பிறந்தது அர்ஜென்டினாவில், பிரேசிலில், ஸ்பெயினில், நெதர்லாந்தில்! செப்டம்பரில் ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். சங்கம் அதைத் தொழில்நுட்பத் தவறு என்றது. குடியுரிமை கொடுக்கத் தமக்குள்ள விருப்ப அதிகாரத்தை உள்துறை அமைச்சர் பயன்படுத்தியதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார். மூல ஆவணம் கிடைக்கவில்லை, இரண்டாம்நிலைத் தகவல்களை வைத்துப் பத்திரத்தின் படி கொடுத்தோம் என்பது பதிவிலாகாவின் விளக்கம்.

இரண்டாம்நிலைத் தகவல்! காதில் விழுகிறதா, பாட்டி? உங்கள் மூல ஆவணமும்தான் கிடைக்கவில்லை. தோட்டத்தை விற்றபோது கிராணியின் பேரேடு எந்தக் குப்பையில் போனதோ. உங்களிடம் இருக்கும் இரண்டாம்நிலைத் தகவல் என்ன? ஆயாக் கொட்டகையில் உங்களோடு வளர்ந்த இரண்டு கிழவிகள். உளி பிடித்துக் காய்ப்புக் காய்த்த வலக்கை. இங்கே பெற்ற பிள்ளைகள், இங்கே எரித்த புருஷன். இதையெல்லாம் கொண்டுபோனால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். உங்களால் இடது காலால் கோல் போட முடியாதே.

பக்கத்துச் சித்தியவானில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் நாடு திரும்ப வழக்குப் போட்டபோதும் பிறப்புப் பத்திரத்தைத்தான் கேட்டார்கள். காட்ட முடியாமல் 2013இல் பாங்காக்கில் செத்தார். அவர் அரசியல் வேறு, உங்கள் கதை வேறு. வேண்டாதவரிடம் மட்டும் மூலப் பத்திரம் கேட்கிற பழக்கம் ஒன்றுதான்.

அன்றாட வாழ்க்கைக்கு ஒரு குறிப்பு: கடைக்குப் போகும்போது பேரனைக் கூட்டிப் போங்கள். 2025 தேசிய தினத்தை ஒட்டி 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் 100 வெள்ளி கொடுத்தார்கள். மைகாட் என்ற நீல அட்டையை நீட்டினால் அரிசி, எண்ணெய், பிஸ்கட். உங்கள் பேரன் நீட்டினான், வந்தது. சிவப்பு அட்டைக்கு வரவில்லை. நீங்கள் தூக்கி வளர்த்த பையன் குடிமகன். நீங்கள் அவனுடைய விருந்தாளி.

2018 தேர்தலில் இந்தச் சிவப்பு அட்டைப் பிரச்சினையை 100 நாளில் தீர்ப்போம் என்றது மகாதீரின் கூட்டணி. வென்றபின், 60 வயது தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். 22 மாதத்தில் அந்த அரசாங்கமே போயிற்று. நாடற்றோர் மூன்று லட்சம் என்று ஒரு கட்சி, சில ஆயிரம் என்று இன்னொரு கட்சி. எண்ணிக்கைச் சண்டை முடிவதற்குள் எண்ணப்பட வேண்டியவர்கள் ஒவ்வொருவராகச் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். 2024 அக்டோபரில் மக்களவை அரசியல் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நியாயம் கிடைத்தது, நல்லது. அதே கையோடு, சிவப்பு அட்டைக்காரருக்கு இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் முந்திப் பிறந்து பிழைத்தார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஓட்டு இல்லை. ஆகவே தேர்தல் கூடை உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும். தீபாவளிக்கு ஒரு தலைவர் வந்து போர்வை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வார். படத்தில் போர்வை தெரியும், அட்டை தெரியாது. உங்கள் பழைய லயத்துப் பக்கம் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் செம்பனை வெட்டுகிறார்கள். அவர்களை "பங்களா" என்று முகம் சுளித்துக் கூப்பிடுவதும் நாம்தான். ரப்பர் மரத்தடியில் நம்மைக் கூப்பிட்ட அதே குரலில்.

கடைசியாக ஒரு வார்த்தை. இது பாட்டிக்கு இல்லை. நீல அட்டை வைத்திருக்கும் உங்களுக்கு. அடுத்த தேர்தலில் அரிசிக் கூடையோடு வேட்பாளர் வருவார். வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தத் தொகுதியில் சிவப்பு அட்டையோடு இன்னும் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர்? ஏழு ஆட்டக்காரருக்காக வளைந்த அந்த விருப்ப அதிகாரம் இவர்களுக்கு எந்தத் தேதியில் வளையும்? தேதி சொல்லாவிட்டால் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.